வெள்ளப்பகுதி மனைக்கான மட்ட ஆய்வும் அனுமதி ஆலோசனையும்: இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஆற்றின் வெள்ளச் சமவெளிக்குள் அமைந்த மனை ஒன்றில் வீடு கட்டுவதற்காக, மட்ட அளவீடு, கட்டட வடிவமைப்பு, உள்ளாட்சி அனுமதி ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்து தரும் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தின் சேவையை நான் பயன்படுத்தினேன். வீட்டில் குடியேறி இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. இரண்டாவது மழைக்காலத்தில் வெள்ளம் வந்து போனது. ஆகவே அறிக்கையை மட்டுமன்றி, அறிக்கைப்படி கட்டிய வீடு நீரில் நின்ற விதத்தையும் பார்த்தபின் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே வகையான சேவையை வேறு எவரிடம் பெறுகிறவர்களும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனையின் எல்லைக்குள் இருந்த எல்லாவற்றையும் அவர்கள் மிகுந்த கவனத்துடன் அளந்தார்கள். விதிகள் கேட்கும் எண்களுக்குப் பின்னால் உள்ள காரணங்களையும் பொறுமையாக விளக்கினார்கள். எல்லைக்கல்லைத் தாண்டியவுடன் அந்தக் கவனம் நின்றுபோனது. வெள்ளம் எல்லைக்கல்லைப் பார்த்து வருவதில்லை என்பதால், இந்தக் குறையைச் சிறியதென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

வெள்ளப்பகுதிகளுக்கான கட்டட விதிகள் இடத்துக்கு இடம் மாறுபடும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டத்திற்குப் பின், காப்பீட்டுத் திட்டத்தில் சேர விரும்பும் ஊர்கள் வெள்ளச் சமவெளிக் கட்டுமானத்தை ஒழுங்குபடுத்தியே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு உருவானது. இங்கிலாந்தில் நிலம் வெள்ள வாய்ப்பின் அளவைப் பொறுத்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஆபத்துக் குறைந்த இடம் கிடைக்காதபோதுதான் ஆபத்து மிகுந்த இடத்தில் கட்டலாம் என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. இந்தியாவில் 1975-ஆம் ஆண்டிலேயே வெள்ளச் சமவெளியை வகைப்படுத்துவதற்கான மாதிரிச் சட்ட முன்வடிவு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டும், மிகச் சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. வடிவங்கள் வேறானாலும் பெரும்பாலான விதிகள் கேட்கும் அடிப்படைக் கேள்விகள் ஒன்றே: நீர் எந்த மட்டம் வரை வரக்கூடும், வீட்டின் தளம் அதற்கு எவ்வளவு மேலே இருக்கிறது, நீங்கள் கட்டுவதால் நீர் வேறு யார் மீது திரும்பும்?

முதல் கேள்விக்கான பதிலை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். மனையை விற்றவர், நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் பத்தாண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது, ஆகையால் இனி அச்சமில்லை என்று கூறியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார். நிறுவனத்தின் மூத்த பொறியாளர் முதல் சந்திப்பிலேயே இந்தச் சொல்லைத் திருத்தினார். நூறாண்டு வெள்ளம் என்பது ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். சென்ற ஆண்டு வந்திருந்தாலும் இந்த ஆண்டுக்கான வாய்ப்பு குறைவதில்லை. வீட்டுக் கடன் நடப்பில் இருக்கும் 30 ஆண்டுகளைக் கணக்கிட்டால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. ஒரு கட்டடம் 70 ஆண்டுகள் நிற்குமென்றால் பாதிக்கும் சற்று மேல். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கேட்ட பிறகுதான், விதி கேட்கும் தளமட்டத்தைத் தேவையற்ற செலவாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மனம் மாறியது. இந்தச் சேவையில் நான் பெற்றவற்றுள் மிகப் பயனுள்ளது அந்தச் சிறு உரையாடல்தான் என்றால் அது மிகையாகாது.

மட்ட அளவீட்டைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் வெள்ளப்பகுதியில் வீடு தப்புவதும் மூழ்குவதும் பெரும்பாலும் சென்டிமீட்டர்களில் முடிவாகிறது. மனையோடு எனக்குக் கிடைத்த பழைய வரைபடத்தில் நிலத்தின் மட்டங்கள் குறிக்கப்பட்டிருந்தன. அதையே பயன்படுத்திக்கொண்டால் காலமும் கட்டணமும் மிச்சமாகும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ள வரைபடம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்பட்ட உயரங்களைத் தரும்போது, வீட்டின் உயரமும் அதே அடிப்படையிலிருந்து அளக்கப்பட வேண்டும் என்றார்கள். பலர் வாசற்படிக்கு 100.00 மீட்டர் என்று தாங்களே ஒரு மதிப்பைக் கொடுத்து அளக்கிறார்கள். சுவரை நேராகக் கட்ட அது போதும், வெள்ளத்தோடு ஒப்பிட அது உதவாது. செயற்கைக்கோள் கருவி காட்டும் உயரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பூமியை ஒரு சீரான கணித வடிவமாகக் கொண்டு தரப்படும் உயரம். உண்மையான கடல் மட்டப் பரப்பு ஈர்ப்பு வேறுபாடுகளால் அந்த வடிவத்திலிருந்து மேலும் கீழும் விலகியிருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அந்த விலகல் நூறு மீட்டருக்கும் அதிகமான பள்ளமாகவே இருக்கிறது. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் எழுதப்பட்ட உயரத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க இயலாது.

என் பழைய வரைபடத்தின் சிக்கல் வேறு வகையானது. அதை வரைந்தவர் அருகிலிருந்த பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உள்ள பெஞ்ச் மார்க் குறியிலிருந்து, அதாவது உயரம் முன்பே அளந்து எழுதப்பட்ட நிலையான அடையாளத்திலிருந்து, மட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். நிறுவனத்தின் சர்வேயர் அந்த ஒரு குறியை மட்டும் நம்பாமல், வேறு இரண்டு குறிகளிலிருந்தும் லெவல் கருவியைக் கொண்டு மட்டத்தை எடுத்துவந்து, புறப்பட்ட இடத்திலேயே மீண்டும் முடித்துச் சரிபார்த்தார். சுற்று 2.25 கிலோமீட்டர், அந்தத் தொலைவுக்கு அவர்கள் அனுமதித்துக்கொள்ளும் பிழை 18 மில்லிமீட்டர், அவருக்கு வந்த பிழை 7 மில்லிமீட்டர். இரண்டு குறிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. பாலத்துக் குறி மட்டும் ஒத்துவரவில்லை. பாலத்தைப் பழுதுபார்த்தபோது கைப்பிடிச் சுவரை மாற்றிக் கட்டிவிட்டு, பழைய குறியின் எண்ணை அதே மதிப்புடன் முன்பைவிடத் தாழ்வான இடத்தில் மீண்டும் எழுதியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதன் விளைவாக, பழைய வரைபடம் என் மனையின் மட்டத்தை உண்மையில் உள்ளதைவிட 40 சென்டிமீட்டர் உயரமாகக் காட்டியிருந்தது. எங்கள் பகுதியின் விதி வெள்ள மட்டத்துக்கு மேல் கேட்கும் பாதுகாப்பு இடைவெளியே 60 சென்டிமீட்டர்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு, வீடு கட்டத் தொடங்கும் முன்னரே தாளில் கரைந்துபோயிருக்கும். இதைக் கண்டுபிடித்ததற்காக மட்டுமே அவர்கள் வாங்கிய கட்டணம் தகும்.

சரியான மட்டங்கள் இவை: வடிவமைப்புக்குரிய வெள்ள மட்டம் 23.40 மீட்டர், நிலம் சரிந்து இறங்குவதால் ஒரு மூலையில் 22.60, எதிர்மூலையில் 22.30. விதிப்படி வசிப்பிடத் தளம் 24.00 மீட்டரில் அமைய வேண்டும். இதை அடைய நான் நினைத்திருந்த வழி எல்லோரும் செய்வதுதான். லாரி லாரியாக மண் கொட்டி, மனை முழுவதையும் உயர்த்தி, அதன்மேல் வழக்கமான பேஸ்மட்டம் எழுப்பிக் கட்டிவிடலாம் என்று இருந்தேன். பொறியாளர் மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல் கணக்கையும் காட்டினார். 600 சதுர மீட்டர் மனையை வெள்ள மட்டம் வரை நிரப்பினால் சராசரியாக 95 சென்டிமீட்டர் மண் வேண்டும். அதாவது வெள்ளக் காலத்தில் அங்கே தங்கியிருக்கக்கூடிய சுமார் 570 கன மீட்டர் நீர், 5 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர், வேறு எங்கேயோ போய் நிற்க வேண்டும். வீட்டை 12 தூண்கள்மேல் நிறுத்தினால், 30 சென்டிமீட்டர் அகலமும் நீளமும் கொண்ட அந்தத் தூண்கள் இடம்பெயர்க்கும் நீர் சுமார் ஒரு கன மீட்டர்தான்.

ஒரு மனை நிரப்பப்படுவதால் ஆறு உயர்ந்துவிடாது என்று நான் வாதிட்டேன். அந்த வாதத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் விதி ஒரு மனையைப் பற்றியதன்று என்றார். அமெரிக்க விதிகளில் ஆற்றின் முக்கிய நீர்வழியின் எல்லையை வரையும்போதே, அதற்கு வெளியே உள்ள வெள்ளப்பரப்பு முழுவதும் ஒருநாள் நிரப்பப்பட்டுவிடும் என்று வைத்துக்கொண்டு, அப்போதும் நீர்மட்டம் ஓர் அடிக்குமேல், அதாவது சுமார் 30 சென்டிமீட்டருக்கு மேல், உயராதபடி கணக்கிடுகிறார்கள். அந்த நீர்வழிக்குள் வெள்ள மட்டத்தைச் சற்றும் உயர்த்தும் கட்டுமானத்துக்கு இடமில்லை. இங்கிலாந்தில் நிரப்புகிறவர் இழக்கப்பட்ட கொள்ளளவை வேறிடத்தில் வெட்டி ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த ஈடும் அதே மட்டத்தில், அதே அளவில் இருக்க வேண்டும், ஏனெனில் மேட்டில் வெட்டிய குழி தாழ்வில் தேங்க வேண்டிய நீருக்குப் பயன்படாது. எனக்கு இவற்றைவிட நெருக்கமாகப் பட்டது வேறொன்று. கீழ்ப்புறத்து மனையில் ஒரு முதிய தம்பதியர் பழைய தாழ்வான வீட்டில் வாழ்கிறார்கள். நான் கொட்டவிருந்த மண் என் வாசலிலிருந்து திருப்பியனுப்பும் நீர் முதலில் சென்று சேர்வது அவர்கள் வாசலுக்குத்தான். இதை எனக்குச் சொல்லாமல் வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

ஆகவே மண் நிரப்பாமல் வீட்டைத் தூண்கள்மேல் கட்ட முடிவு செய்தோம். தூண்தளத்துக்குக் கீழே 24 சதுர மீட்டர் அளவில் ஓர் அறை, பொருள்களை வைக்க மட்டும். இங்கேதான் முதல் குறை தலைகாட்டியது. இத்தகைய அறையின் சுவர்களில் நீர் உள்ளே வந்து வெளியேறும் திறப்புகள் இருந்தாக வேண்டும். காரணம் எளிது: சுவரின் ஒருபுறம் மட்டும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மீதும் சுமார் 500 கிலோகிராம் விசை விழுகிறது, நீர் இரண்டு மீட்டரானால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகி 2 டன்னை எட்டுகிறது. சாதாரணச் செங்கற்சுவர் அதைத் தாங்காது. உள்ளேயும் நீர் அதே உயரத்துக்கு நின்றால் இருபுற விசைகளும் சமமாகிச் சுவர் தப்பிக்கும். அமெரிக்க விதியை மெட்ரிக் அளவில் சொன்னால் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் 70 சதுர சென்டிமீட்டர் திறப்பு, குறைந்தது இரண்டு திறப்புகள், அவற்றின் அடிப்பகுதி தரையிலிருந்து ஓர் அடிக்குமேல் உயராமல் இருத்தல் என்று வரும். எங்கள் பகுதி விதியும் ஏறத்தாழ அதுவே. நிறுவனம் வரைந்த படத்தில் மொத்தப் பரப்பு 1800 சதுர சென்டிமீட்டர் என்று சரியாகவே இருந்தது. ஆனால் மூன்று திறப்புகளும் ஆற்றை நோக்கிய ஒரே சுவரில் இருந்தன. மிதந்துவரும் குப்பையும் கிளைகளும் ஒரு பக்கம் சேர்ந்து அடைத்துவிட்டால், திறப்பே இல்லாத அறைக்கும் இதற்கும் வேறுபாடு இராது. உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தைச் சரிபார்த்தவர் இதைச் சுட்டித் திருப்பியனுப்பினார். திருத்தம் ஒரே நாளில் வந்தது. எனினும், காரணத்தை அத்தனை அழகாக விளக்கத் தெரிந்தவர்கள் படத்தில் அந்தக் காரணத்தை மறந்தது எனக்கு வருத்தம் தந்தது.

பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் தந்த ஆலோசனை நன்றாக இருந்தது, சுருக்கமாகவும் இருந்தது. வெள்ள மட்டத்துக்குக் கீழே ஜிப்சம் பலகையோ மரத்தூள் பலகையோ கூடாது, சிமென்ட் பூச்சும் ஓடுகளும் போதும், மின் இணைப்புப் பெட்டியும் மோட்டார் சுவிட்சும் 24.00 மீட்டருக்கு மேலேதான், கழிவுநீர்க் குழாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று. எல்லாவற்றையும் அப்படியே செய்தோம்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் அறிக்கை எதையும் சொல்லவில்லை. நிலத்தடி நீர் மேலே ஏறி மண் நீரில் ஊறிவிட்டால், மண்ணுக்குள் புதைந்த தொட்டி படகைப்போல் மேலெழ முயலும். வெளிப்புறக் கனஅளவு 4.5 கன மீட்டர் உள்ள தொட்டியை மேலே தள்ளும் விசை 4.5 டன், அப்போதுதான் சுத்தம் செய்து காலியாக இருக்கும் தொட்டியென்றால் ஆபத்து இன்னும் அதிகம். நான் கேட்ட பிறகே அடிப்பலகையை நான்கு புறமும் நீட்டி, அதன்மேல் மண்ணின் எடை விழும்படி வடிவமைத்தார்கள். கேட்கத் தெரியாத ஒருவருக்கு அது கிடைத்திராது.

இன்னொரு குறையும் உண்டு. வெள்ள மட்டம் எந்த ஆண்டின் வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது அறிக்கையில் எங்கும் இல்லை. மேற்புறத்தில் புதிய குடியிருப்புகளும் சாலைகளும் வந்து, மண் உறிஞ்சிய மழைநீர் இப்போது நேரடியாக ஆற்றுக்கு ஓடும் நிலையில், பழைய வரைபடத்தின் மட்டம் இன்றைக்குத் தாழ்வாக இருக்கக்கூடும். பாதுகாப்பு இடைவெளி கேட்கப்படுவதற்கே இத்தகைய நிச்சயமின்மைகள்தாம் காரணம். வரைபடத்தின் வயது தெரிந்திருந்தால், விதி கேட்ட 60 சென்டிமீட்டரோடு நிற்பதா, இன்னும் 30 கூட்டுவதா என்பதை நானே முடிவு செய்திருப்பேன். தூண்கள் எழும்பும் கட்டத்தில் அந்த 30 சென்டிமீட்டருக்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. வீடு முடிந்த பிறகு அதைச் சேர்க்கவே முடியாது.

அனுமதி பெறும் பணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருமுறை திருப்பியனுப்பப்பட்டது, இரண்டாம் முறை ஏற்கப்பட்டது. கீழறையை வசிப்பிடமாக மாற்றமாட்டேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டேன். அது ஏன் கேட்கப்படுகிறது என்பதை அவர்கள் முன்கூட்டியே விளக்கியிருந்தார்கள்.

இனி வெள்ளம் வந்த நாளுக்கு வருகிறேன். தாழ்ந்த மூலையில் நீர் 70 சென்டிமீட்டர் உயர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து 23.00 மீட்டர். வடிவமைப்பு வெள்ளத்தைவிட இது 40 சென்டிமீட்டர் குறைவு என்பதால் வீடு முழுச் சோதனையைச் சந்தித்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது நடந்துகொள்ள வேண்டியபடி நடந்துகொண்டது. திறப்புகள் வழியாக நீர் கீழறைக்குள் அமைதியாக வந்தது, அமைதியாக வெளியேறியது. வடிந்தபின் சுவரின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் சேற்றுக் கோடு ஒரே உயரத்தில் படிந்திருந்ததைப் பார்த்தேன்; ஆற்றுப்பக்கத் திறப்பு ஒன்றில் வாழைமட்டையும் வைக்கோலும் அடைத்துக் கிடந்தன, மறுபக்கச் சுவரில் பின்னர் சேர்க்கப்பட்ட திறப்பு திறந்தே இருந்தது. சுவரில் ஒரு விரிசலும் இல்லை. மேல்தளத்தில் ஒரு சொட்டு நீர் இல்லை. கீழ்ப்புறத்து முதியவர்கள் நீர் ஏறத் தொடங்கிய மாலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் இரண்டு நாள்கள் எங்களால் வெளியேற முடியவில்லை. எங்கள் மனைக்கு முன்னுள்ள சாலை, மனையைவிடத் தாழ்வானது. அதன்மீது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த மனிதர் நிலைதடுமாறி விழக்கூடும், 30 சென்டிமீட்டரில் சிறிய கார் அடித்துச் செல்லப்படலாம் என்பதை நாங்கள் அறிந்திருந்ததால் எவரும் இறங்கவில்லை. முதியவருக்குத் தேவையான மருந்து இரண்டாம் நாள் காலையோடு தீர்ந்துபோனது. அன்று மாலை மீட்புப் படகு வரும்வரை நாங்கள் கழித்த மணிநேரங்களில், 24.00 மீட்டர் என்ற எண் எனக்குத் தந்திருந்த நிம்மதி அந்தத் தளத்தோடு முடிந்துவிடுகிறது என்பதை உணர்ந்தேன். உலர்ந்த தளமும் தப்பிச் செல்லும் வழியும் இரண்டு வேறு பாதுகாப்புகள். இங்கிலாந்தின் திட்டமிடல் வழிகாட்டுதல்கள் பாதுகாப்பாக வெளியேறும் வழியையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. எங்கள் பகுதி விதி அதைக் கேட்கவில்லை. விதி கேட்காததை நிறுவனமும் அளக்கவில்லை. சர்வேயர் லெவல் கருவியுடன் அதே சாலை வழியாகத்தான் நடந்து வந்தார். வழியில் நான்கைந்து இடங்களில் ஸ்டாஃப் எனப்படும் அளவுகோலை நிறுத்தி மட்டத்தைக் குறித்திருந்தால், வெள்ளத்தில் சாலை எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பது வீடு கட்டும் முன்னரே எனக்குத் தெரிந்திருக்கும்.

நீர் வடிந்தபின் இதை விரிவாக எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். மூத்த பொறியாளர் நேரில் வந்தார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லாமல், சர்வேயரை அழைத்துவந்து சாலையின் மட்டத்தை முக்கியச் சாலை வரை அளந்து, கட்டணம் வாங்காமல், வழிநெடுகச் சாலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு வெட்டுமுகப் படம் தந்தார். அதில் மூன்று இடங்கள் 22.05 மீட்டருக்கும் கீழே இருக்கின்றன. பின்புற எல்லையை ஒட்டிச் செல்லும் பழைய வாய்க்கால் கரை மட்டும் முழு நீளத்திலும் 23.10-க்கு மேல் இருக்கிறது. சிறிய வெள்ளங்களில் அதன் வழியே நடந்து வெளியேறலாம். அந்தப் பக்கம் ஒரு வாயிலும் நான்கு படிகளும் அமைத்துவிட்டேன். கரையின் மட்டத்தைக் குறிக்கும் வண்ணக் கோடு ஒன்றை எங்கள் தூணிலும், முதியவர்களின் வீட்டுச் சுவரிலும் சர்வேயரே வரைந்து கொடுத்தார். நீர் அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் கீழே வந்ததும் கிளம்பிவிடுவது என்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறோம்.

ஏற்கெனவே வெள்ளப்பகுதியில் மனை வாங்கிவிட்டவர்களுக்கு இந்த வகைச் சேவையை நான் பரிந்துரைக்கிறேன்; இன்னும் வாங்காதவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் மட்ட அளவீட்டை மட்டுமாவது செய்துகொள்வது நல்லது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது இவற்றைத் தாளில் எழுதி வாங்குங்கள்: குறைந்தது இரண்டு பெஞ்ச் மார்க் குறிகளிலிருந்து சரிபார்த்த மட்டம், வெள்ள வரைபடத்தின் ஆண்டு, புதைந்த தொட்டிகளின் மிதப்புக் கணக்கு, முக்கியச் சாலை வரையிலான வழியின் மட்டங்கள். இறுதியாக உள்ளதை இப்போது தங்கள் அறிக்கைகளில் சேர்க்கத் தொடங்கியிருப்பதாக அந்தப் பொறியாளர் சென்ற மாதம் தெரிவித்தார். எங்கள் தெருவின் கோடியில் வீடு கட்டவிருக்கும் குடும்பத்துக்கு வந்த அறிக்கையை நான் வாங்கிப் பார்த்தேன், சாலையின் வெட்டுமுகம் அதன் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது.